எட்டுச் சில்லுகளுக்குத் துணையாக ஒன்பதாவது: கணினி நினைவகத்தின் பிழைதிருத்தச் சுற்று குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் உள்பக்கங்களில் வெளியாகும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளை விடாமல் படிக்கும் வாசகர்களில் நானும் ஒருவன். அரசு மருத்துவமனைகள், கூட்டுறவுச் சங்கங்கள், பல்கலைக்கழகங்கள், ஊராட்சி ஒன்றியங்கள் ஆகியவை கணினிகளும் சர்வர்களும் வாங்குவதற்கு விலைப்புள்ளி கோரும்போது, அறிவிப்பில் கண்ட இணைய முகவரிக்குச் சென்று தொழில்நுட்ப விவரக்குறிப்பையும் இறக்கிப் பார்ப்பது, ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வழக்கமாகிவிட்டது. செயலியின் வேகம், நினைவகத்தின் அளவு, திரையின் அகலம், உத்தரவாதக் காலம் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். நினைவகத்தில் வைத்த எண் வைத்தபடியே திரும்பி வர வேண்டும், வராவிட்டால் அதைக் கணினியே கண்டு திருத்த வேண்டும் என்று சொல்லும் ஒரு வரி மட்டும் நான் பார்த்த பெரும்பாலான விவரக்குறிப்புகளில் இருந்ததில்லை. நினைவகக் கட்டுப்பாட்டுச் சில்லுகளில் பிழைதிருத்தச் சுற்றுகளை வடிவமைப்பதையே 28 ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், அந்த வரி ஏன் தேவை என்பதையும், அதன் பின்னால் இருக்கும் சுற்று எப்படிப்பட்டது என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எழுதத் தூண்டிய காரணம் என் சொந்தத்திலேயே நடந்தது. என் மாமா மகள் ஒரு சிறுநகரத்தில் உள்ள சிக்கன நாணயச் சங்கத்தில் கணக்கு எழுத்தராகப் பணியாற்றுகிறார். சில ஆண்டுகளுக்கு முன்பு ஆண்டுத் தணிக்கையின்போது, உறுப்பினர் ஒருவருடைய வைப்புக் கணக்கில் 10,485 ரூபாய் 76 பைசா குறைந்திருப்பது தெரிந்தது. ரசீதுக் கட்டில் குறை இல்லை. கையால் எழுதிய நாளேட்டிலும் குறை இல்லை. கணினியில் இருந்த இருப்புத் தொகை மட்டும் பொருந்தவில்லை. கணினி தப்புச் செய்யாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாக இருந்ததால், தப்பு எழுத்தருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவர் வளையலை அடகு வைத்துப் பணத்தைக் கட்டினார். விளக்கம் கேட்டு அவருக்குக் கொடுத்த கடிதத்தின் நகலும் அவருடைய பணிப் பதிவேட்டில் ஏறியது.

ஒரு திருமண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது அவர் இதைச் சொன்னார். தொகையைக் கேட்டதும் பைசாவாக மாற்றிப் பார்த்தேன்: 10,48,576. இருபது இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் கிடைக்கும் எண் அது. அந்தச் சங்கத்தின் மென்பொருள், தொகைகளைப் பைசாக் கணக்கில் இரும எண்களாக வைத்திருந்தது. ஓர் இரும எண்ணின் இருபத்தோராவது பிட் (பூச்சியமோ ஒன்றோ நிற்கும் ஓர் இலக்க இடம்) ஒன்றிலிருந்து பூச்சியமாக மாறினால், அந்த எண் மிகச் சரியாக இந்த அளவுதான் குறையும். கையாடல் செய்கிறவர் எவரும் இப்படியொரு தொகையைத் தேடிப் பிடித்து எடுக்க மாட்டார். சங்கத்தின் அனுமதி பெற்று அந்தக் கணினியில் நினைவகச் சோதனை நிரலை இரண்டு இரவுகள் ஓட்டினேன். முதல் இரவில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் இரவில், மின்விசிறி நின்று அறை சூடேறியிருந்த நேரத்தில், ஒரே ஒரு முகவரியில் ஒரே ஒரு பிட் மூன்று முறை விழுந்தது. அதுவும் 32 பிட் சொல்லின் (கணினி ஒரு சேரக் கையாளும் பிட்டுகளின் தொகுதியைச் சொல் என்போம்) அதே இருபத்தோராவது இடம். தணிக்கையில் வெளிப்பட்ட பிழையும் இதே இடத்தில்தான் பிறந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அச்சிட்ட சோதனை முடிவைப் பார்த்த பிறகு சங்கம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பதிவேட்டுக் குறிப்பை நீக்க மேலும் ஐந்து மாதங்கள் ஆயின. அந்தக் கணினியில் இருந்த ரேமுக்கு, அதாவது நினைவகச் சில்லுகள் பதித்த பலகைக்கு, பிழையைத் திருத்தவும் தெரியாது, பிழை நேர்ந்தது என்று சொல்லவும் தெரியாது.

பிட் தானாக மாறுமா என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இன்று கணினிகளில் முதன்மை நினைவகமாக இருக்கும் டிரேம் சில்லில், ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், வழக்கமாக 64 மில்லிநொடிக்கு ஒரு முறை படித்துப் புதுப்பிக்க வேண்டும். ஓட்டைக் குடத்தில் நீரூற்றிக்கொண்டே இருப்பது போன்ற ஏற்பாடு. 1978-இல் இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, முர்ரே உட்ஸ் ஆகிய இருவரும், சில்லை மூடியிருக்கும் உறைப்பொருளில் இம்மியளவு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் உமிழும் ஆல்ஃபா துகள்கள் பிட்டுகளைப் புரட்டுகின்றன என்று காட்டினார்கள். காஸ்மிக் கதிர்களும் இதைச் செய்யக்கூடும் என்று அடுத்த ஆண்டே ஜேம்ஸ் சீக்லரும் வில்லியம் லான்ஃபோர்டும் எழுதினார்கள். உறைப்பொருள் தூய்மையானபின் ஆல்ஃபா துகள்களின் தொல்லை பெரிதும் தணிந்தது. ஆனால் கசிவு மிகுந்த நலிந்த செல்கள் எல்லாச் சில்லுகளிலும் சில இருக்கும். வெப்பத்தாலும் வயதாலும் அவை மேலும் நலியும். 2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு குறையையும் வெளிக்கொணர்ந்தார்கள்: நினைவகத்தின் ஒரு வரிசையை மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினாலே, பக்கத்து வரிசையில் உள்ள பிட்டுகள் புரளும். ரோஹேமர் என்று பெயர் பெற்ற இந்தக் குறை, அவர்கள் சோதித்த 129 ரேம்களில் 110-இல் இருந்தது.

எவ்வளவு அடிக்கடி இது நிகழ்கிறது என்பதற்கு, 2009-இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வே நான் அதிகம் நம்பும் சான்று. கூகுளின் சர்வர்களை நீண்ட காலம் கவனித்த அவர்கள், ஓர் ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணினிகள் குறைந்தது ஒரு நினைவகப் பிழையையாவது திருத்தியிருந்ததையும், ரேம்களில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவை பிழை கண்டிருந்ததையும் பதிவு செய்தார்கள். ஒரு முறை பிழை கண்ட ரேமே மறுபடியும் பிழை காணும் வாய்ப்பு மிகுதி என்பது அவர்கள் கண்டவற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அந்தக் கணினிகளில் பிழைதிருத்தச் சுற்று இருந்ததால்தான் இவற்றை எண்ணவாவது முடிந்தது.

சுற்று இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியத்தில் 2003 மே 18 அன்று நடந்த தேர்தல் ஒரு சான்று. பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக் நகரில் மின்னணு முறையில் பதிவான வாக்குகளைக் கூட்டியபோது, ஒரு வேட்பாளருக்குக் கிடைத்திருக்கவே முடியாத அளவுக்கு வாக்குகள் வந்திருந்தன. மீண்டும் கூட்டியபோது வேறுபாடு 4096 என்று தெரிந்தது. பன்னிரண்டு இரண்டுகளின் பெருக்கம். மென்பொருளில் குறை அகப்படவில்லை. நினைவகத்தில் பதின்மூன்றாவது பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்பதே கடைசியில் தரப்பட்ட விளக்கம். நடந்திருக்க முடியாத எண்ணாக இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. நடந்திருக்கக்கூடிய எண்ணாக மாறியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனிச் சுற்றுக்கு வருகிறேன். பிழையைக் கண்டறிவது வேறு, திருத்துவது வேறு. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம், முன்னுள்ள 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுச் சேர்க்கப்படுவது. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் எண் செல்லாது என்று தெரிந்துவிடும். எந்த இலக்கம் தவறு என்று தெரியாது. நினைவகத்தில் பாரிட்டி பிட் என்று சொல்லப்படுவதும் இவ்வளவே செய்யும். பழைய ஏடுகளைப் பெயர்த்தெழுதிப் பதிப்பித்தவர்கள் இந்த வேறுபாட்டைத் தம் கையால் உணர்ந்தவர்கள். அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதிச் சொல் அடுத்த பாட்டின் முதலில் வரவில்லை என்றால் இடையில் ஏடு போயிருக்கிறது என்பது விளங்கும்; போன பாட்டு கிடைக்காது. ஆனால் செல்லரித்துப்போன ஓர் எழுத்தை, எதுகை ஒரு புறமும் தளை ஒரு புறமும் பொருள் ஒரு புறமும் நெருக்கி, இன்ன எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும் இடங்களும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் ஒரே எழுத்தின்மீது வந்து சந்திப்பதால்தான் அந்த மீட்பு முடிகிறது. பிழைதிருத்தக் குறிமுறையின் உயிர்நாடியும் அதுவே.

1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங், அங்கிருந்த ரிலே கணினிக்கு வார இறுதிகளில் தம் கணக்குகளைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆளில்லாத நேரத்தில் பிழை கண்டால், அந்த இயந்திரம் அவர் கணக்கைக் கைவிட்டு அடுத்தவர் கணக்குக்குப் போய்விடும். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எங்கே இருக்கிறது என்று கண்டு திருத்தத் தெரியக் கூடாதா என்று அவர் கேட்டுக்கொண்டதன் விடை, 1950-இல் அவர் வெளியிட்ட கட்டுரை. தரவோடு கூடுதலாகச் சேர்த்து வைக்கும் ஒவ்வொரு சரிபார்ப்புப் பிட்டும் தரவுப் பிட்டுகளில் ஒவ்வொரு வகைக் கூட்டத்தைக் காவல் காக்கிறது. எந்தெந்தக் காவலர்கள் ஒரே நேரத்தில் முறையிடுகிறார்கள் என்பதே பிழை நேர்ந்த இடத்தின் முகவரியாகிவிடுகிறது. நான்கு தரவுப் பிட்டுகளுக்கு மூன்று சரிபார்ப்புப் பிட்டுகள் என்ற எடுத்துக்காட்டை நம் பொறியியல் மாணவர்கள் எல்லோரும் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். வருத்தம் என்னவென்றால், பெரும்பாலோருக்குப் படிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

உண்மையான சர்வர் நினைவகத்தில் பல காலமாக இருந்துவருவது, 64 பிட் தரவுக்கு 8 சரிபார்ப்புப் பிட்டுகளாக மொத்தம் 72 என்ற அமைப்பு. 1961-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்கு ஐபிஎம் அளித்த ஸ்ட்ரெட்ச் கணினியிலேயே இந்தக் கணக்கு இருந்தது. ஒரு பிட் புரண்டால் திருத்து; இரண்டு பிட்டுகள் புரண்டால் திருத்த முயலாதே, தரவு கெட்டுவிட்டது என்று அறிவித்துவிடு என்பதே சுற்றுக்கு இடப்படும் கட்டளை. கட்டளையின் பின்பாதிதான் முன்பாதியைவிடப் பெரியது என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கருதுகிறேன். தவறாகத் திருத்தி, சரி என்று முத்திரையும் குத்தி அனுப்பும் சுற்று, சுற்றே இல்லாததைவிடக் கொடியது.

ஹாமிங் வழியிலேயே போனால், ஏழு சரிபார்ப்புகளுக்கு மேல், 72 பிட்டுகளையும் ஒருசேர எண்ணும் எட்டாவது சரிபார்ப்பு ஒன்று வேண்டும். இரண்டு உள்ளீடுகள் கொண்ட எக்ஸார் கேட்டுகளை (உள்ளீடுகளில் உள்ள ஒன்றுகள் ஒற்றைப்படையா என்று சொல்லும் சிறு சுற்றுகள்) மரம்போல அடுக்கினால், 72 உள்ளீடுகளுக்கு ஏழு அடுக்குகள் ஆகும். நினைவகத்திலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் இதைக் கடந்தே செயலிக்குப் போக வேண்டும் என்பதால், ஒவ்வோர் அடுக்கும் காலத்தாழ்வு. 1970-இல் ஐபிஎம் பொறியாளர் சியாவோ இதற்குக் கண்ட விடையைப் போல அழகான ஒன்றை என் தொழிலில் நான் வேறெங்கும் கண்டதில்லை. 72 பிட்டுகளில் ஒவ்வொன்றுக்கும், பூச்சியமும் ஒன்றுமாக எட்டு இடங்கள் கொண்ட ஓர் அடையாளக் குறியைக் கொடுக்க வேண்டும். எந்த இரண்டு குறிகளும் ஒன்றாக இருக்கக் கூடாது; ஒவ்வொரு குறியிலும் உள்ள ஒன்றுகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். நிபந்தனை இவ்வளவுதான். படிக்கும்போது எட்டுச் சரிபார்ப்புகளும் சேர்ந்து தரும் விடையைச் சிண்ட்ரோம் என்போம். பிழை இல்லையென்றால் அது முழுவதும் பூச்சியம். ஒரு பிட் புரண்டிருந்தால், அந்தப் பிட்டின் அடையாளக் குறியே சிண்ட்ரோமாக வந்து நிற்கும். அதில் ஒன்றுகள் ஒற்றைப்படை. இரண்டு பிட்டுகள் புரண்டிருந்தால், ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூச்சியம் என்ற கணக்கில், இரண்டு குறிகளின் கூட்டு வரும். ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை, குறிகள் வேறுவேறானவை என்பதால் பூச்சியமும் ஆகாது. ஆகவே 72 பிட்டுகளையும் எண்ணும் தனி மரம் தேவையில்லை. சிண்ட்ரோமில் உள்ள ஒன்றுகள் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தாலே திருத்தலாமா கூடாதா என்பது தெரிந்துவிடும்.

எந்தக் குறியை எந்தப் பிட்டுக்குக் கொடுப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் வேலை இருக்கிறது. எட்டு இடங்களில் ஒரே ஓர் ஒன்று உள்ள குறிகள் எட்டு. அவை சரிபார்ப்புப் பிட்டுகளுக்கு. மூன்று ஒன்றுகள் உள்ளவை 56. அவை அனைத்தும் தரவுக்கு. இன்னும் எட்டுத் தரவுப் பிட்டுகள் எஞ்சுகின்றன. ஐந்து ஒன்றுகள் உள்ள 56 குறிகளிலிருந்து அவற்றுக்கு எட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தால், ஒரு சரிபார்ப்புப் பிட்டின்மேல் சுமை கூடி அதன் மரம் மட்டும் வளர்ந்துவிடும். மிக மெதுவான மரத்துக்காகத்தான் மற்றவை எல்லாம் காத்திருக்க வேண்டும். குறியின் ஒவ்வோர் இடமும் ஒரு சரிபார்ப்புப் பிட்டுக்கு உரிய வரிசை. மூன்று ஒன்றுகள் உள்ள 56 குறிகளால் ஒவ்வொரு வரிசையிலும் 21 ஒன்றுகள் விழும். மற்ற எட்டுக் குறிகளின் ஒன்றுகள் எட்டு வரிசைகளிலும் ஐந்து ஐந்தாக விழும்படி தேர்ந்தால், ஒவ்வொரு சரிபார்ப்புப் பிட்டும் 21-உம் ஐந்துமாக 26 தரவுப் பிட்டுகளைக் காக்கும். 26 உள்ளீடுகளுக்கு ஐந்து அடுக்குகள் போதும்; ஏழாக இருந்தது ஐந்தாகிறது, எட்டு மரங்களும் ஒரே உயரம். எழுதும் பக்கத்தில் எட்டு மரங்களுக்கும் சேர்த்து 200 எக்ஸார் கேட்டுகள். பணியில் சேர்ந்த புதிதில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் இந்தக் குறிகளை நிரப்பி, சரிபார்ப்புப் பிட்டையும் சேர்த்து எட்டு வரிசைகளிலும் 27, 27 என்று கூட்டல் ஒத்துவந்த மாலை எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

தாளில் சரியாக இருக்கும் சுற்று, பலகையில் ஏறும்போது புதிய கேள்விகளைச் சந்திக்கிறது. ரேம் இணைப்பு தளர்ந்தால் எல்லா இழைகளும் பூச்சியமாகவே வரக்கூடும். மேற்சொன்ன குறிமுறையில் 72 பூச்சியங்கள் என்பது பிழையற்ற சொல். செத்துப்போன நினைவகத்தை நலமாக இருக்கிறது என்று சுற்று சொல்லிவிடும். இதைத் தவிர்க்கச் சில சரிபார்ப்புப் பிட்டுகளைத் தலைகீழாக்கி எழுதுவது வழக்கம். எத்தனையைத் தலைகீழாக்குவது என்பதை யோசிக்காமல் ஒன்றை மட்டும் மாற்றினால், எல்லாம் பூச்சியமாக வரும்போது சிண்ட்ரோமில் ஒரே ஓர் ஒன்று வரும். ஒரு சரிபார்ப்புப் பிட் மட்டும் புரண்டிருக்கிறது என்று கொண்டு, தரவு சரி என்றே சுற்று தீர்ப்பளிக்கும். இரண்டை மாற்றினால் சிண்ட்ரோம் இரட்டைப்படையாகி, திருத்த முடியாத பிழை என்று அறிவிப்பு வரும். எல்லா இழைகளிலும் ஒன்று என்ற இலக்கமே வந்தாலும் அப்படியே. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இவ்வளவு வேறுபாடு.

இன்னொன்று, நான் பங்கேற்ற முதல் வடிவமைப்பில் நாங்கள் செய்த தவறு. 64 பிட் சொல்லில் ஒரு பைட்டை, அதாவது எட்டு பிட்டுகளை, மட்டும் மாற்றி எழுத வேண்டுமானால், முழுச் சொல்லையும் படித்து, அந்த பைட்டை மட்டும் மாற்றி, சரிபார்ப்புப் பிட்டுகளைப் புதிதாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். படித்த சொல்லில் ஏற்கெனவே இரண்டு பிட் பிழை இருந்தால்? நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. கெட்டுப்போன தரவுக்குப் புத்தம் புதிய, செல்லுபடியாகும் சரிபார்ப்புப் பிட்டுகளைக் கணக்கிட்டு எழுதிக்கொண்டிருந்தது எங்கள் சுற்று. கள்ளப் பத்திரத்துக்கு நல்ல முத்திரை வைத்தது போலாயிற்று. சோதனைப் பிரிவில் இருந்த ஓர் இளம் பொறியாளர், இரண்டு பிழைகளை வேண்டுமென்றே புகுத்தி ஒரு பைட்டை எழுதிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு, அத்தகைய சொல்லைத் திரும்ப எழுதும்போது, படித்தால் உறுதியாகப் பிழை என்று வருமாறு சரிபார்ப்புப் பிட்டுகளை வேண்டுமென்றே கெடுத்து எழுதும் வழியைச் சேர்த்தோம்.

இந்தச் சுற்றால் எல்லாவற்றையும் காக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே சொல்லில் மூன்று பிட்டுகள் புரண்டால், சிண்ட்ரோம் மறுபடியும் ஒற்றைப்படையாகி, பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் வேறொரு பிட்டின் குறியாகத் தோன்றி, தொடர்பில்லாத நான்காவது பிட்டைச் சுற்று புரட்டிவிடும். ஒரு சில்லே முழுவதும் பழுதானால் அது தரும் எட்டு பிட்டுகளும் ஒரே நேரத்தில் கெடலாம். அதற்கென்று, பிட்டுகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரு சில்லிலிருந்து வருவனவற்றை ஒரே குறியீடாகக் கொண்டு திருத்தும் முறையை, 1990-களில் ஐபிஎம் சிப்கில் என்ற பெயரில் சர்வர்களுக்குக் கொண்டுவந்தது. தனித்தனியாக நேரும் பிழைகள் ஒரே சொல்லில் சேர்ந்துவிடாதபடி, யாரும் கேட்காத நேரத்திலும் நினைவகம் முழுவதையும் படித்து, திருத்தி, திரும்ப எழுதிக்கொண்டே வரும் ஏற்பாடும் வேண்டும். தெருவிளக்கு எரிகிறதா என்று இரவில் சுற்றி வருபவரைப் போன்ற வேலை அது.

இப்போது கடைகளில் நிலவும் ஒரு குழப்பத்தைப் பற்றி. 2020-இல் வெளியான, டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறை ரேமுக்கான டிடிஆர்5 தரவரையறையின்படி, ஒவ்வொரு டிரேம் சில்லுக்குள்ளும் 128 பிட்டுகளுக்கு 8 சரிபார்ப்புப் பிட்டுகள் கொண்ட சிறு திருத்தச் சுற்று இருக்கிறது. இதைச் சொல்லி, எல்லா டிடிஆர்5 ரேமும் பிழைதிருத்த ரேம்தான் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல. செல்கள் மிகச் சிறிதாகிவிட்டதால் நலிந்தவற்றின் குறையை மறைத்து ஈடுகட்டச் சில்லுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஒரு பிட்டைத் திருத்தும். இரண்டு புரண்டால் கண்டறியும் என்ற உறுதி இல்லை. சில்லிலிருந்து செயலிவரை செல்லும் வழியில் நேரும் பிழை அதற்குத் தெரியாது. எந்தச் சொல்லில் எப்போது திருத்தியது என்று செயலிக்குச் சொல்வதும் இல்லை. செயலிவரை நீளும் முழுமையான பாதுகாப்புக்குக் கூடுதல் சில்லுகள் வேண்டும்: டிடிஆர்4-இல் எட்டுக்கு ஒன்பது, டிடிஆர்5-இல் 32 பிட் பாதைகள் இரண்டாகப் பிரிந்திருப்பதால் பெரும்பாலும் எட்டுக்குப் பத்து. செயலியும் மதர்போர்டும் அதை ஏற்பவையாகவும் இருக்க வேண்டும். இந்த வசதி சர்வர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது பொறியியலின் முடிவல்ல, விற்பனையின் முடிவு. லினக்ஸ் இயங்குதளக் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில், சாதாரணக் கணினிகளில் ஈசிசி எனப்படும் இந்தப் பிழைதிருத்த நினைவகம் அரிதாகிப் போனதற்கு இன்டெல்லின் கொள்கையே காரணம் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் சொன்னதோடு நான் முழுவதும் உடன்படுகிறேன்.

கடிதம் எழுதும் ஓர் எழுத்தருடைய மேசைக் கணினிக்கு இது கட்டாயம் என்று நான் வாதாடவில்லை. பணம், நிலப் பதிவு, நோயாளியின் மருந்தளவு, மாணவர் மதிப்பெண், வாக்கு ஆகியவற்றைத் தாங்கும் எந்த இயந்திரத்துக்கும், விவரக்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்: ‘நினைவகம், செயலிவரை ஒரு பிட் பிழையைத் திருத்தி இரண்டு பிட் பிழையைக் கண்டறியும் ஈசிசி வகையாக இருத்தல் வேண்டும், சில்லுக்குள் மட்டும் அமைந்த திருத்தம் இதற்கு ஈடாகக் கொள்ளப்படாது, திருத்தப்பட்ட பிழைகள் தேதியுடனும் ரேம் இருக்கும் இடத்துடனும் பதிவாதல் வேண்டும்.’ இதன் கடைசிப் பகுதியை விட்டுவிடக் கூடாது. முதல் பிழை கண்ட ரேமே மறுபடியும் பிழை காணும் என்று முன்னர்க் குறிப்பிட்டேன். ஆகவே பதிவேட்டைப் படிக்கிறவருக்கு, திருத்த முடியாத நிலை வரும் முன்பே ரேமை மாற்ற அவகாசம் கிடைக்கலாம். படிக்க ஆள் இல்லாத இடத்தில் அந்த அவகாசம் வீணாகிறது.

பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏழு பிட் கணக்கோடு நிறுத்தாமல், 72 பிட்டுகளின் அடையாளக் குறிகள் கொண்ட அணியை மாணவர்கள் தாமே நிரப்பி, மரங்களின் உயரத்தைக் கணக்கிட்டு, பிழைகளைப் புகுத்திப் பார்க்கும் ஆய்வகப் பயிற்சியாக அதை வையுங்கள். சில நூறு கேட்டுகள்தான். எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இருக்கும் எஃப்பிஜிஏ பலகையில் (வேண்டிய சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு உள்ள பலகை) அடங்கும். இரண்டு பிழைகளைப் புகுத்தி ஒரு பைட்டை எழுதிப் பார்க்கும் சோதனையை மறவாமல் சேர்க்க வேண்டும்.

முதலில் சொன்ன சங்கத்தில் இப்போது இருப்பது பிழைதிருத்த ரேம் கொண்ட சர்வர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது என் மாமா மகளின் வேலையாகியிருக்கிறது. முதல் 14 மாதங்களில் மூன்று திருத்தங்கள். பிறகு ஒரே வாரத்தில், இரண்டாவது இடத்தில் உள்ள ரேமில் மட்டும் 11. அன்று மாலையே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் அந்த ரேம் மாற்றப்பட்டது. கணக்குகள் எதிலும் ஒரு பைசாகூட மாறவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்சுற்று வடிவமைப்பாளர்,
கோயம்புத்தூர்.